தூங்கும்போது படகை யார் ஓட்டுவது?

பாய்மரப் படகில் தன்னந்தனியாக உலகைச் சுற்றி வந்தவர்கள் எழுதிய புத்தகங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், கேட்பவர் முதலில் கேட்பது இதைத்தான்: அந்த ஆள் தூங்கும்போது படகை யார் ஓட்டுவது? நியாயமான கேள்வி. தேநீர் ஆறுவதற்குள் விடை சொல்லிவிடலாம். இதையும் இன்னொரு சங்கதியையும் தெரிந்துகொண்டால், இந்தப் புத்தகங்களில் எங்கும் இடறாமல் படித்துப் போகலாம்.

படகு தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளும். முன்பாய் படகின் முகப்பைக் காற்றைவிட்டு விலக்கப் பார்க்கும். பெரிய பாய் அதைக் காற்றை நோக்கித் திருப்பப் பார்க்கும். இரண்டும் சரிக்குச் சரியாக இழுத்து நிற்கும் நிலை ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடித்து, சுக்கானையும் ஒரு கோணத்தில் கட்டிவிட்டால், காற்று மாறாதவரை படகு மணிக்கணக்காக ஒரே திசையில் போகும். எல்லாப் படகும் இப்படி இணங்காது. அடிக்கட்டை நீளமாக இருக்கும் பழைய பாணிப் படகுகள் நன்றாக இணங்கும். பிற்காலத்தில் இதற்கென்றே ஒரு கருவி வந்தது: படகின் பின்புறத்தில் ஒரு தகடு காற்றுக்கு முனை காட்டி நிற்கும், படகு திசை தவறினால் காற்று தகட்டின் பக்கவாட்டில் அடிக்கும், தகடு சாயும், சாயும்போது கயிறு சுக்கானை இழுத்துச் சரிசெய்யும். மின்சாரம் எதுவும் வேண்டாம். கப்பல்கள் அதிகம் போகும் தடத்தில் கோழித்தூக்கம் போடுவார்கள். ஆளரவமற்ற பெருங்கடலில் கொஞ்சம் துணிந்து தூங்குவார்கள்.

தனியாளாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் ஜோஷுவா ஸ்லோகம். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1844-ல் பிறந்தவர். பெரிய பாய்க்கப்பல்களுக்குத் தலைவராக இருந்தவருக்கு, நீராவிக் கப்பல் வந்ததும் வேலை போயிற்று. வயலில் மட்கிக் கிடந்த ஒரு பழைய படகைத் தன் கையாலேயே ஏறக்குறைய முழுதாகத் திரும்பக் கட்டினார். அதுதான் 'ஸ்ப்ரே', நீளம் 37 அடிக்குச் சற்றுக் குறைவு. 1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து கிளம்பி, 1898 ஜூனில் நியூபோர்ட்டுக்கு வந்து சேர்ந்தார். மொத்தம் 46,000 மைல். இத்தனைக்கும் மனிதருக்கு நீச்சல் தெரியாது. ஆஸ்திரேலியாவின் வடமுனைக்கு அருகே உள்ள தேர்ஸ்டே தீவிலிருந்து கோகோஸ் தீவுகள்வரை 2,700 மைல், 23 நாள், அதில் அவர் சுக்கானைத் தொட்டிருந்தது மிகச் சொற்ப நேரம்தான். அட்லாண்டிக்கில் ஒருமுறை, பிளம் பழமும் பாலாடைக்கட்டியும் தின்று வயிறு கெட்டு நினைவு தப்பிக் கிடந்தபோது, தாடிக்காரர் ஒருவர் சுக்கானைப் பிடித்து நிற்பதைப் பார்த்தாராம். கொலம்பஸின் 'பிண்டா' கப்பல் மாலுமி என்று அந்த உருவம் சொல்லிக்கொண்டதாம். பொழுது விடிந்து பார்த்தால் படகு திசை மாறாமல் போய்க்கொண்டிருக்கிறது. பேய்க்கதையாக நினைக்க வேண்டாம். பாயைச் சரியாகக் கட்டியிருந்தார், அவ்வளவுதான்.

இரண்டாவது சங்கதி, நடுக்கடலில் தான் எங்கே இருக்கிறோம் என்று எப்படித் தெரியும் என்பது. உச்சிவேளையில் சூரியன் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று செக்ஸ்டன்ட் கருவியால் அளந்து, கடற்பஞ்சாங்கத்தைப் பார்த்தால் அட்சரேகை கிடைத்துவிடும். தீர்க்கரேகைதான் வம்பு. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. அதாவது மணிக்கு 15 பாகை. கிரீனிச்சில் இப்போது மணி என்ன என்று தெரிந்தால்தான் கிழக்கு மேற்கு தெரியும். கடிகாரம் 4 வினாடி பிசகினால், நிலநடுக்கோட்டில் கணக்கு ஒரு கடல் மைல் பிசகும். ஸ்லோகமின் நல்ல கடிகாரத்தைப் பழுதுபார்க்க அதிகச் செலவாகும் என்றதால், முகம் உடைந்த தகரக் கடிகாரம் ஒன்றை ஒரு டாலருக்கு வாங்கிக்கொண்டார்! நிலவின் இடத்தை வைத்து நேரத்தைக் கணிக்கும் பழைய முறை அவருக்குத் தெரியும். பசிபிக்கில் அதைப் போட்டுப் பார்த்தபோது கணக்கு இடித்தது. தேடிப் பார்த்தால் அச்சிட்ட அட்டவணையிலேயே பிழை. திருத்திக்கொண்டு மேலே போனார்.

தினமும் இப்படி அளந்ததை, காற்றை, கடலை, ஓடிய தூரத்தை எழுதி வைப்பதுதான் பயணக் குறிப்பேடு. தனியாகப் போனவர் உண்மையிலேயே போனார் என்பதற்கு அந்தக் காலத்தில் அதைவிட்டால் பெரிதாகச் சான்று எதுவும் கிடையாது. இந்தப் புத்தகங்களைச் சாகசக் கதைகளாகப் படிப்பவர்கள் பாதியில் சலித்துப் போவதற்குக் காரணம், புயலைத் தேடிப் போய்க் கணக்கில் மாட்டிக்கொள்வதுதான். உண்மையில் கணக்கில்தான் கதை இருக்கிறது. 1968-ல் தொடங்கிய பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

லண்டன் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகை அறிவித்த பந்தயம் அது: எங்கும் நிற்காமல், யார் உதவியும் பெறாமல், தனியாளாக உலகைச் சுற்ற வேண்டும். கிளம்பியவர்கள் 9 பேர். முடித்தவர் ஒருவர். அவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். படகு 'சுஹைலி', நம் பம்பாயில் தேக்கில் கட்டிய 32 அடிப் படகு. வழியில் அடிப்பலகை இடுக்கில் தண்ணீர் கசிந்தது. கடலில் குதித்து, மூச்சுப் பிடித்து, பஞ்சும் துணியும் வைத்து அடைத்தார். நடுவே சுறா ஒன்று வட்டமிட, படகில் ஏறித் துப்பாக்கியால் சுட்டுவிட்டு, திரும்ப இறங்கி வேலையை முடித்தார். தானியங்கிச் சுக்கானும் பாதிவழியில் கெட்டுப்போக, ஸ்லோகமைப் போலப் பாயைச் சமன்செய்தே ஓட்டினார். 1969 ஏப்ரல் 22-ல் ஃபால்மத் துறைமுகத்துக்குத் திரும்பினார்.

அதே பந்தயத்தில் ஓடிய பெர்னார்ட் மொய்டெஸியே என்ற பிரெஞ்சுக்காரர் ஹனோயில் பிறந்தவர். தம் எஃகுப் படகுக்கு 'ஜோஷுவா' என்று ஸ்லோகமின் பெயரையே வைத்தவர். தென் அமெரிக்காவின் தென்கோடியான ஹார்ன் முனையையும் தாண்டிவிட்டு, வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, பந்தயத்தைவிட்டு விலகுவதாக எழுதிய சீட்டைக் கவணால் ஒரு கப்பலின் மேல் எறிந்துவிட்டு, இன்னும் பாதி உலகம் ஓடி டஹிட்டிக்குப் போய்விட்டார். அவருடைய புத்தகத்துக்குத்தான் ரசிகர்கள் அதிகம். எனக்கு ஓட்டையை அடைத்தவருடைய புத்தகமே உசத்தி.

மூன்றாமவர் டொனால்ட் க்ரோஹர்ஸ்ட். மின்னணுக் கருவி செய்து விற்றவர்; கடன் வாங்கிப் படகு கட்டியவர். அட்லாண்டிக்கிலேயே படகு ஒழுகியது. தென்கடலுக்குப் போனால் சாவு, திரும்பினால் திவால். அவர் அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றிக்கொண்டிருப்பதாக வானொலியில் செய்தி அனுப்பினார். இங்கேதான் மேலே சொன்ன கணக்கு உதவுகிறது. உண்மையாகப் போகிறவர் சூரியனை அளந்து இடத்தைக் கண்டுபிடிக்கிறார். பொய் சொல்பவரோ, விடையைப் பின்பக்கத்தில் பார்த்துவிட்டுக் கணக்கு எழுதும் பள்ளிப் பையன் மாதிரி, இடத்தை முதலில் வைத்துக்கொண்டு, அங்கே இருந்தால் சூரியன் எவ்வளவு உயரத்தில் தெரியும் என்று தலைகீழாகப் போட வேண்டும். அது உண்மைக் கணக்கைவிடக் கடினம். போதாததற்கு, போகாத ஊரின் வானிலையை வானொலியில் கேட்டுக் குறித்துக்கொள்ளவும் வேண்டும்.

அவர் முந்தி வருகிறார் என்று நம்பி, இன்னொரு போட்டியாளரான நைஜெல் டெட்லி தம் நொய்ந்த படகை விரட்டினார். வீடு நெருங்கும் நேரத்தில், 1969 மே மாதம் அது மூழ்கியது. டெட்லி தப்பினார். இனி மிக வேகமாகச் சுற்றியவருக்கான பரிசைத் தாம் வென்றுவிடுவோம், தம் குறிப்பேட்டை வல்லுநர்கள் துருவிப் பார்ப்பார்கள் என்ற நிலை க்ரோஹர்ஸ்டுக்கு வந்தது. ஜூலை 10 அன்று அவருடைய படகை ஓர் அஞ்சல் கப்பல் கண்டெடுத்தது. ஆள் இல்லை. குறிப்பேடுகள் இருந்தன. பத்திரிகையாளர்கள் நிக்கலஸ் டோமலினும் ரான் ஹாலும் அவற்றை வரிவரியாகப் படித்து எழுதிய 1970-ம் ஆண்டுப் புத்தகம், கடற்பயண நூல்களிலேயே ஆகப் பெரிய துப்பறியும் கதை. நாக்ஸ்-ஜான்ஸ்டன் தமக்குக் கிடைத்த 5,000 பவுண்டு பரிசை க்ரோஹர்ஸ்ட் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

படிக்க நினைப்பவர்கள் ஸ்லோகமில் தொடங்குங்கள். 1900-ல் வந்த நூல். காப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பக்கத்தில் ஒரு நல்ல உலக வரைபடத்தை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து நாக்ஸ்-ஜான்ஸ்டன். க்ரோஹர்ஸ்டைக் கடைசிக்கு வையுங்கள். உண்மைக் குறிப்பேடு எப்படி இருக்கும் என்று தெரிந்த பிறகுதான் பொய்க் குறிப்பேட்டைப் படிக்க வேண்டும்.