ஆயுள்கால டிக்கட்!

ஒரே டிக்கட், ஆயுள் முழுதும் கச்சேரி! யாருக்குத்தான் கசக்கும்? அமெரிக்காவில், கலிபோர்னியாப் பாலைவனத்தில் நடக்கும் கோச்செல்லா இசை விழாக்காரர்கள் 2022 பிப்ரவரியில் இப்படி 10 டிக்கட்டுகளை ஏலம் விட்டார்கள். காகிதச் சீட்டு அல்ல; 'பிளாக்செயின்' என்ற மின்னணுப் பேரேட்டில் பதிவான உரிமை. பல கம்ப்யூட்டர்களில் ஒரே கணக்கு இருப்பதால் போலிச் சீட்டு செல்லாது; கைமாறினால் அதுவும் பதிவாகிவிடும். ஏறக்குறைய 15 லட்சம் டாலர் குவிந்தது!

பேரேடு பத்திரந்தான். பெட்டிச் சாவியல்லவா வேறொருவரிடம் இருந்தது! ஏலத்தை நடத்திய எஃப்.டி.எக்ஸ். கம்பெனி அதே ஆண்டு நவம்பரில் திவாலாயிற்று. அதன் கணக்கிலேயே டிக்கட்டை விட்டுவைத்தவர்கள், வெளியே எடுக்க வழியின்றித் திண்டாடினார்கள். பரிகாரம் தேடிக்கொண்டிருப்பதாக விழாக்காரர்கள் அப்போது சொன்னார்கள்.