மண்ணெண்ணெய்க் காரும் இரண்டாம் கியரும்

மாங்குளம் சந்தியில் ஏ9 வீதியை விட்டு மேற்கே திரும்பினால் வெள்ளாங்குளம் வீதி. மல்லாவியும் துணுக்காயும் அந்த வழியில்தான் இருக்கின்றன. புடவை வியாபாரத்துக்காக வாப்பா அடிக்கடி அங்கே போய் வருவார். சென்ற விடுமுறையில், 18 வயது முடிந்து கார் பழகிக்கொண்டிருந்த என்னிடம் அந்த வீதியில் வைத்துத்தான் ஸ்டியரிங்கைத் தந்தார்.

வன்னி வீதி தட்டையானது. நான்காம் கியரில் போட்டால் அப்படியே போகலாம். அதுதான் வினையாயிற்று. ஒரு மாட்டு மந்தை வீதிக்கு ஏறியது. பிரேக்கை மிதித்தேன், இரண்டாம் கியரைத் திணித்தேன், கிளச்சைப் படாரென்று விட்டேன். கார் ஒரு துள்ளுத் துள்ளியது. பின்னால் அயர்ந்திருந்த உம்மாவின் நெற்றி முன் இருக்கையில் இடித்தது. மாடுகள் எதுவும் நடக்காதது போலப் போய்விட்டன.

மல்லாவியில் தேநீர் குடிக்கும்போது வாப்பா இந்தக் கதையைத் தமக்குப் பழக்கமான ஒரு முதியவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் 1990களில் அங்கே வாடகைக் கார் ஓட்டியவர். அவர் சிரிக்கவில்லை. "பிள்ளை, கிளச்சை விடேக்க எஞ்சின்ர சத்தத்தைக் கேட்டனீங்களே?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியின் அருமை அவர் ஓட்டிய காரை அறிந்தால்தான் புரியும். பொருளாதாரத் தடைக்காலத்தில் வன்னிக்குப் பெற்றோல் வருவது அரிது. 1996இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்த மக்களால் மல்லாவி நிறைந்தபோது, நோயாளரையும் கர்ப்பிணிகளையும் சுமந்தவற்றுள் பழைய மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கார்களும் இருந்தன. அவை மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிரில் இலகுவாக ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். புதிய கார்களில் இது சரிவராது. அவற்றின் அமுக்க விகிதம் அதிகம், மண்ணெண்ணெய் நேரங்கெட்டு வெடித்து எஞ்சினைத் தட்டும். 1948இல் அறிமுகமான மொறிஸ் மைனர் போன்றவற்றின் அமுக்கம் குறைவு என்பதால் தாக்குப்பிடித்தன. ஆனால் எஞ்சின் வேகம் விழுந்து நின்றுவிட்டால், சூடு தணிந்தபின் மறுபடி அந்தப் பொன்னான சில துளிகள் வேண்டும். எனவே எஞ்சின் திணறுவதற்கு முன்பே கியரைக் குறைக்கக் காது பழகியிருந்தது.

இனி, கார் ஏன் துள்ளியது என்று பார்ப்போம். ஒரு சிறிய கார் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் மூன்றாம் கியரில் ஓடும்போது எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2000 தடவை சுற்றும். அதே வேகத்தில் இரண்டாம் கியர் என்றால் ஏறக்குறைய 3000 தடவை சுற்றியாக வேண்டும். நாம் கிளச்சை மிதித்தவுடன் எஞ்சின் சுமையற்று, வேகம் குறைந்து, 1000 அளவுக்கு வந்துவிடும். அந்நிலையில் கிளச்சைப் படாரென்று விட்டால், சோம்பிக் கிடக்கும் எஞ்சினை 3000 வரை இழுத்து எழுப்பும் வேலை சக்கரங்கள்மேல் விழுகிறது. அதற்கான சக்தி காரின் ஓட்டத்திலிருந்தே பறிக்கப்படுகிறது. உம்மாவின் நெற்றி இடித்தது அதனால்தான்.

கயிறடித்து விளையாடியிருப்பீர்கள். சுழலும் கயிற்றுக்குள் ஓடி நுழைபவள் முதலில் வெளியே நின்று அதன் தாளத்துக்குத் தன் காலைச் சேர்த்துக்கொள்வாள். சேர்க்காமல் நுழைந்தவளைக் கயிறு அடிக்கும். கிளச்சும் அப்படித்தான்.

"இப்போதைய கார்களில் சிங்க்ரோமெஷ் இருக்கிறதே" என்று யாராவது சொல்லலாம். இருக்கிறது. அமெரிக்கரான ஏர்ல் தொம்சனின் அந்தக் கண்டுபிடிப்பு 1928இல் கடிலக் கார்களில் வந்தது. கியர்ப் பெட்டிக்குள் கூம்பு வடிவான ஒரு வளையம் உரசி, சேரப்போகும் இரு பாகங்களின் வேகத்தையும் சமப்படுத்துகிறது. அதனால் பற்கள் கறகறவென்று அரைபடுவதில்லை. ஆனால் அது சமப்படுத்துவது பெட்டிக்கு உள்ளே மட்டுமே. எஞ்சினுக்கும் பெட்டிக்கும் இடையிலான வேறுபாட்டை அது தீர்ப்பதில்லை; அது நம் காலுக்கு உரிய வேலை. மொறிஸ் மைனரில் முதலாம் கியருக்கு இந்த வசதியே கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் போட வேண்டுமானால், கிளச்சை மிதித்து நியூற்றலுக்கு வந்து, கிளச்சை விட்டு, எக்சிலேற்றரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி கிளச்சை மிதித்துத்தான் போட வேண்டும். இரட்டைக் கிளச் என்பது இதுவே.

நமக்கு அவ்வளவு தேவையில்லை. முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறையுங்கள். கியர் பிரேக்குக்குப் பதிலல்ல. பிறகு பிரேக்கை விட்டு, கிளச்சை மிதித்து, ஒரு கியர் கீழே மாற்றுங்கள். கிளச் மேலே வருமுன் வலது காலால் எக்சிலேற்றரைச் சற்றே அழுத்துங்கள். எஞ்சினின் குரல் உயரும். அந்தக் கணத்தில் கிளச்சை விடுங்கள். சரியாகச் சேர்ந்தால் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். நேரமில்லாவிட்டால் கிளச்சை மெல்ல விட்டாலும் போதும். ஆனால் கிளச் தட்டு உரசித் தேயும். எதிரே ஆபத்து என்றால் கியரை மறந்துவிட்டுப் பிரேக்கை மிதிப்பதே சரி. மழையில் நனைந்த கிரவல் வீதியில் கியரைத் திடீரெனக் குறைத்தால், இழுபடும் சக்கரங்கள் பிடி தவறி வழுக்கவும் கூடும்.

தட்டை நிலத்து ஆட்களான நமக்கு உண்மையான பரீட்சை மலைநாட்டில்தான். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கண்டி ஏறக்குறைய 500 மீற்றர். ஆட்களோடு ஒரு தொன் எடையுள்ள கார் அங்கிருந்து ரம்பொடை வழியாகக் கண்டிக்கு இறங்கும்போது விடுவிக்கும் சக்தியைக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய 45 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. இவ்வளவையும் பிரேக்கிடமே கொடுத்தால் அது சூடேறிப் பிடி தளரும். குறைந்த கியரில் இறங்கினால் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும்.

பெற்றோல் மிச்சம் என்று நியூற்றலில் இறங்குகிறவர்களும் உண்டு. (என் மாமா ஒருவர், பெயர் வேண்டாம்.) அது வீண் எண்ணம். இன்றைய கார்கள் பலவற்றில், கியரில் இருந்தபடி எக்சிலேற்றரை விட்டு இறங்கும்போது எரிபொருள் செல்வதே நின்றுவிடுகிறது. நியூற்றலிலோ எஞ்சின் அணையாமலிருக்க எரித்துக்கொண்டே இருக்கும்.

திரும்பும் வழியில் முறிகண்டிப் பக்கம் போகும் வாகனங்களுக்கு வழிவிட மாங்குளம் சந்திக்கு முன்பே வேகத்தைக் குறைத்தேன். மூன்று, பிறகு இரண்டு. முதலாவதில் சிறு துள்ளல். இரண்டாவதில் எஞ்சினின் குரல் உயர்ந்ததைக் கேட்டேன்.

"மாங்குளம் வந்துட்டா?" என்று உம்மா கண் விழித்தார்.