விழா முடிந்த பின் நூல் எங்கே போகின்றது?

ஸ்காபரோவில் வார இறுதி மாலையொன்றில் நூல் வெளியீட்டு விழாவுக்குச் சென்றிராத தமிழ் வாசகர் அரிது. மங்கள விளக்கேற்றல், மௌன அஞ்சலி, வரவேற்புரை, மூன்று நான்கு ஆய்வுரைகள், அதன்பின் முதற் பிரதியும் சிறப்புப் பிரதிகளும் வழங்கல் என நிகழ்ச்சி நிரல் நகரும். பெயர் அழைக்கப்பட்டவர் மேடையேறி, உறையைக் கொடுத்து நூலைப் பெற்று, புகைப்படத்துக்கு நின்று இறங்குவார். உறைக்குள் இருப்பது இருபது டொலரா நூறு டொலரா என்பதற்கும் நூலின் பக்கங்களுக்கும் தொடர்பில்லை. தம் மகளின் அரங்கேற்றத்துக்கு நூலாசிரியர் குடும்பத்துடன் வந்திருந்தார் என்ற கணக்கும் அதில் அடங்கும்.

இவ்வழக்கத்தை இகழ்வது எமது நோக்கமன்று. புலம்பெயர்ந்த மண்ணில் எழுதுபவரே பதிப்பாளர், அவரே விநியோகஸ்தர். சென்னையில் அச்சிட்டுக் கப்பலில் வரவழைத்த ஐந்நூறு பிரதிகளின் செலவை அந்த ஒரு மாலையின் உறைகளே ஈடுசெய்கின்றன. ஆனால் உறை கொடுத்தவர்களுள் எத்தனை பேர் நூலை வாசித்தனர் என்று எவரும் கேட்பதில்லை. மீதிப் பிரதிகள் பெட்டிகளிற் கட்டப்பட்டு வீட்டின் நிலக்கீழ் அறைக்குச் செல்கின்றன.

நிலக்கீழ் அறை எத்தகைய காப்பகம் என்பதை 2013 ஜூலை 8 ஆம் திகதி ரொறன்ரோ கண்டது. பியர்சன் விமான நிலையத்தில் அன்று 126 மில்லிமீற்றர் மழை பதிவாகியது. நகரெங்கும் கழிவுநீர்க் குழாய்கள் பின்வாங்கி நிலவறைகள் நிரம்பின. சோபாவுக்கும் தரைவிரிப்புக்கும் காப்புறுதி நிறுவனத்திடம் பணம் கேட்கலாம். விற்காத கவிதைத் தொகுதிக்கு என்ன விலை எழுதுவது?

நூல்கள் ஓரிடத்திற் குவிந்திருப்பதன் ஆபத்தை எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. கடல் கடந்து வந்த பின்னும், 1994 இல் இதே ரொறன்ரோ நகரில் தேடகத்தின் நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத் திட்டம் பழைய ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவாக்கி எவரும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கின்றது. அப்பணி இயன்றதற்கு ஒரு காரணம், யாரோ ஒருவர் வீட்டு அலுமாரியில் ஒரு பிரதி எஞ்சியிருந்தமையே. சிதறிக் கிடந்தவை பிழைத்தன.

ஆதலால் நூலாசிரியர்களிடம் நாம் கேட்பது இது: விழாவுக்கு நாள் குறிக்கும்போதே, எந்தெந்த இடங்களுக்குப் பிரதி போக வேண்டும் என்ற பட்டியலையும் எழுதுங்கள். ஒட்டாவாவிலுள்ள கனடா நூலக ஆவணக் காப்பகத்துக்குப் பிரதி கொடுப்பது தயவன்று, சட்டக் கடமை. நூற்றுக்கு மேற்பட்ட பிரதிகள் வெளியிட்டால் இரண்டு. நான்கு முதல் நூறு வரையெனில் ஒன்று. தாமே நூல் வெளியிடுபவருக்கும் இது பொருந்தும். மொழி தமிழென்பதால் விலக்கில்லை. சர்வதேசத் தர நூல் எண்ணும் இங்கு இலவசமாகவே கிடைக்கின்றது. இருந்தும் அவ்வெண் இன்றியே அச்சேறிய நூல்கள் எமது அலுமாரியிலும் உள்ளன. எண்ணில்லாத நூலை நூலகங்களும் கடைகளும் தேடிப் பெறுவது கடினம்.

ரொறன்ரோ பொது நூலகத்தின் கிளைகளில் தமிழ் நூல்கள் இரவல் கொடுக்கப்படுகின்றன. குறித்த நூலொன்றை வாங்குமாறு உறுப்பினர் எவரும் பரிந்துரைக்கலாம். ஐம்பது டொலர் உறை கொடுத்த அன்பர் வீடு திரும்பியதும் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால், நூலாசிரியரை அறியாத ஒருவர் கையிலும் அந்நூல் அகப்படக்கூடும். அறிமுகமற்ற அந்த வாசகரைத்தான் எமது விழாக்கள் ஒருபோதும் அழைப்பதில்லை.

அச்சேற்றுவதற்கு முன்னுள்ள வழியும் ஒன்றுண்டு. 1990 முதல் ரொறன்ரோவிலிருந்து செல்வம் அருளானந்தம் நடத்திவரும் ‘காலம்’ போன்ற சஞ்சிகைக்கு ஒரு கதையை அனுப்பினால் அது திரும்பி வரலாம்; வெட்டப்படலாம்; வெளிவந்தபின் பாரிஸிலிருந்து ஒருவர் காரமாக எழுதலாம். வெளியீட்டு மேடையில் இவற்றுள் எதுவும் நிகழாது. ஆய்வுரை என்ற பெயரில் அங்கு கிடைப்பது பெரும்பாலும் வாழ்த்துரையே. (ஆய்வாளருக்கு நூல் முதல்நாள் இரவுதான் கிடைத்தது என்பதை அவரே மேடையில் ஒப்புக்கொள்வதும் உண்டு.)

பெரிய தொகுதி, வழவழப்பான அட்டை என்பனவும் அவசியமில்லை. 1986 இல் யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ மெல்லியதொரு தொகுதி. இன்றும் ஈழத்துப் பெண் கவிஞர்களைப் பற்றிப் பேசப் புகுவோர் அதிலிருந்தே தொடங்குகின்றனர். இப்போது கேட்டவுடன் ஐம்பது பிரதிகள் மட்டும் அச்சிட்டுத் தரும் வசதி இங்கேயே உண்டு. ஐம்பதையும் வாசிப்பவர்க்கே கொடுத்து, வேண்டுமெனில் மேலும் ஐம்பது அச்சிடலாம்.

எம்மிடமும் இரண்டு பெட்டிகள் உள்ளன. நண்பரொருவரின் சிறுகதைத் தொகுதி. விழா முடிந்த இரவு அவரது காரில் இடமில்லாமல் எம்மிடம் விட்டுச் சென்றவை. அவர் இப்போது உயிருடன் இல்லை. சென்ற வாரம் ஒரு பெட்டியைத் திறந்தோம். ஒட்டாவாவுக்கு இரண்டு, மின்வடிவாக்க ஒன்று எனத் தனியே எடுத்து வைத்தோம். மற்றவற்றை, கதை வாசிக்கும் பழக்கமுள்ளவர் எவரென்று விசாரித்து ஒவ்வொன்றாகக் கொடுத்து வருகின்றோம். உறை எதுவும் வாங்குவதில்லை.