டென்னிஸில் யார் ஜெயிப்பார்? கணிப்புகள் எப்படி வேலை செய்கின்றன, எங்கே கைவிடுகின்றன?

2019 விம்பிள்டன் ஆடவர் இறுதிப்போட்டியில் ரோஜர் ஃபெடரர் எடுத்தது 218 பாயின்ட். நோவாக் ஜோகோவிச் எடுத்தது 204. ஆனால் கோப்பை ஜோகோவிச்சுக்கு. காரணம், மூன்று செட்கள் டைபிரேக்குக்குப் போயின. மூன்றையும் அவரே ஜெயித்தார்.

எத்தனை பாயின்ட் எடுத்தார்கள் என்பதைவிட எப்போது எடுத்தார்கள் என்பதே இங்கே முக்கியம். அப்படிப்பட்ட ஆட்டத்தை முன்கூட்டியே கணிக்க முடியுமா?

தரவரிசையைப் பார்த்தால் போதாதா?

ஓரளவுக்குத்தான். ஏடிபி தரவரிசை கடந்த 52 வாரங்களில் ஒரு வீரர் எந்தப் போட்டியில் எந்தச் சுற்று வரை போனார் என்பதைக் கணக்கிடுகிறது. யாரைத் தோற்கடித்தார் என்று பார்ப்பதில்லை. காயத்தால் ஆறு மாதம் ஆடாதவர், திறமை குறையாமலே கீழே இறங்கிவிடுவார்.

அதனால்தான் கணிப்பாளர்கள் பலர் செஸ்ஸிலிருந்து வந்த 'ஈலோ' முறையை நாடுகிறார்கள். பலமானவரை வென்றால் நிறைய புள்ளி, பலவீனமானவரை வென்றால் கொஞ்சம். இருவருக்கும் 100 புள்ளி வித்தியாசம் என்றால் முன்னிலையில் இருப்பவருக்கு வாய்ப்பு 64%. 200 என்றால் 76%.

தரையையும் கவனியுங்கள். ரஃபேல் நடாலின் 22 கிராண்ட்ஸ்லாம் பட்டங்களில் 14 களிமண் தரையில், பிரெஞ்சு ஓபனில் வந்தவை. புல்தரை விம்பிள்டனில் இரண்டுதான். ஆள் ஒருவரே, தரை மாறினால் கணக்கும் மாறும்.

சின்ன வித்தியாசம், பெரிய பலன்

ஒருவர் ஒவ்வொரு பாயின்ட்டையும் ஜெயிக்க 55% வாய்ப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால், மூன்று செட் ஆட்டத்தை அவர் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 91%. ஐந்து செட் என்றால் சுமார் 95%. ஆட்டம் நீள நீள, பலசாலிக்கே லாபம்.

ஃபெடரரே 2024-ல் டார்ட்மத் கல்லூரி பட்டமளிப்பு விழாவில் இதைச் சொன்னார்: 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் கிட்டத்தட்ட 80% வெற்றி, பாயின்ட்களில் வென்றதோ 54% மட்டுமே.

அப்படியும் ஏன் தப்புகிறது?

2024 ஆஸ்திரேலிய ஓபன் முதல் சுற்றில், தகுதிச்சுற்று ஆடி உள்ளே வந்த சுமித் நாகல், போட்டித் தரவரிசையில் 31-ம் இடத்தில் இருந்த அலெக்சாண்டர் புப்ளிக்கை நேர் செட்களில் வீழ்த்தினார். இதற்கு முன் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் தரவரிசை பெற்ற ஒருவரை இந்திய வீரர் வென்றது 1989-ல். அதே போட்டியில், அன்றைய உலக நம்பர் 1 மேட்ஸ் விலாண்டரைத் தோற்கடித்தார் சென்னையின் ரமேஷ் கிருஷ்ணன்.

இதை வைத்து கணிப்பே பொய் என்று சொல்லிவிட முடியாது. 80% வாய்ப்பு என்றால், அப்படிப்பட்ட ஐந்து ஆட்டங்களில் ஒன்றில் எதிராளி ஜெயிப்பார் என்றும் அர்த்தம். 80% என்று சொன்ன 100 ஆட்டங்களில் 80 பலித்ததா என்று பார்த்துத்தான் மாடலை எடைபோட வேண்டும். ஒரே ஒரு ஆட்டம் எதையும் நிரூபிக்காது.

சரி, பத்துக்கு எட்டு பலித்தால் பணம் பார்க்கலாமே?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு உதாரணம்: ஜெயிக்க 80% வாய்ப்புள்ள வீரருக்கு ஒரு சூதாட்டத் தளம் 1.20 மடங்கு தருகிறது. பத்து ஆட்டங்களில் தலா 100 ரூபாய் கட்டுகிறீர்கள். எட்டு பலிக்கிறது, கைக்கு வருவது 960. போட்டதோ 1,000. எட்டு முறை சரியாகச் சொல்லியும் 40 ரூபாய் நஷ்டம்! தளத்தின் லாபம் அந்த 1.20-க்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. ஆனாலும் 'இந்த மேட்ச் கன்ஃபார்ம்' என்று உங்கள் டெலிகிராமுக்கு யாராவது டிப்ஸ் அனுப்பலாம். அவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: எத்தனை சதவீதம்? இதுவரை சொன்னவற்றில் எத்தனை தப்பின? பதில் வரவில்லையென்றால், மேட்சை மட்டும் பாருங்கள். பர்ஸைத் திறக்காதீர்கள்.