வானொலிப் பெட்டி ஏன் மௌனமானது?

நீங்கள் வானொலி கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பெட்டியில் பழுது எதுவும் இல்லை. ஆனாலும் திடீரென்று பாட்டு நின்று 'உஸ்' என்ற இரைச்சல் மட்டும் கேட்கிறது. என்ன செய்வீர்கள்?

நார்வே நாட்டில் இப்படித்தான் நடந்தது. 2017 ஜனவரி 11 அன்று, காலை 11 மணி 11 நிமிடத்தில், அந்நாட்டின் வடக்கே உள்ள நூர்லான் மாவட்டத்தில் பண்பலை ஒலிபரப்பை நிறுத்தத் தொடங்கினார்கள். மாவட்டம் மாவட்டமாக நிறுத்திக்கொண்டே போய், அதே ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாளுக்குள் தேசிய நிலையங்கள் எல்லாம் டிஜிட்டல் முறைக்கு மாறிவிட்டன. இவ்வாறு செய்த முதல் நாடு நார்வேதான்.

ஏன் மாறினார்கள்? அந்நாட்டின் வரைபடத்தைப் பாருங்கள். எங்கும் மலைகளும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும்தாம். பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. மலை குறுக்கிட்டால் மறுபக்கத்துக்குச் சரியாகப் போய்ச் சேராது. ஆகவே சிற்றூர்களுக்கும் ஒலிபரப்பிகள் வேண்டும். அருகருகே உள்ள ஒலிபரப்பிகள் ஒரே அதிர்வெண்ணில் இயங்கினால் ஒன்றையொன்று குழப்பும். எனவே ஒவ்வொன்றுக்கும் வேறு அதிர்வெண் தரவேண்டும். பண்பலைக்கு உள்ள இடமோ 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரைதான். அதில் நாடு முழுவதும் கேட்க 5 நிலையங்களுக்கே இடம் கிடைத்தது.

டிஜிட்டல் முறை வேறு விதமானது. பழைய அனலாக் முறையில் ஒலியலையின் வடிவத்தையே வானொலி அலையின்மீது ஏற்றி அனுப்புகிறோம். டிஜிட்டல் முறையிலோ, ஒலியலையின் உயரத்தை விநாடிக்கு 48,000 முறை அளந்து, அந்த அளவுகளை 0, 1 என்ற இரண்டே இலக்கங்களில் எழுதி அனுப்புகிறோம். நம் காது உணராத நுணுக்கங்களை நீக்கி அவற்றைச் சுருக்கவும் முடியும். அதனால் ஒரே அதிர்வெண் தொகுதியில் பல நிலையங்கள் சேர்ந்து பயணம் செய்கின்றன. பக்கத்து ஒலிபரப்பிகளும் அதே அதிர்வெண்ணில் இயங்கலாம். நார்வேயில் தேசிய நிலையங்கள் 20-க்கும் மேலாகப் பெருகின.

இதில் குறையே இல்லையா? உண்டு. அனலாக் அலை வலுவிழந்தால் இரைச்சல் கூடும். ஆனால் பேச்சு ஓரளவு புரியும். டிஜிட்டல் ஒலி ஓர் எல்லைவரை தெளிவாகக் கேட்கும். அதைத் தாண்டினால் அடியோடு நின்றுவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. ஒலிபரப்பியை அரசு மாற்றலாம். பெட்டியை யார் மாற்றுவது? மக்கள்தான்! அப்போது சுமார் 50 லட்சம் பேர் வாழ்ந்த அந்த நாட்டில், ஏறக்குறைய 20 லட்சம் கார்களில் டிஜிட்டல் வானொலி இருக்கவில்லை. பலரும் இந்த மாற்றத்தை எதிர்த்தார்கள்.

நார்வே நாடாளுமன்றம் இதை முன்பே எண்ணிப் பார்த்திருந்தது. 2011-இல் அது சில நிபந்தனைகளை விதித்தது. பண்பலை எட்டிய இடமெல்லாம் பொது ஒலிபரப்பின் டிஜிட்டல் அலையும் எட்டவேண்டும். வானொலி கேட்போரில் பாதிப் பேராவது நாள்தோறும் டிஜிட்டலில் கேட்கவேண்டும். கார்களுக்கு ஏற்ற கருவி கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கவேண்டும். இவை நிறைவேறின என்று 2015-இல் அரசு அறிவித்த பிறகே நிறுத்தும் நாள் உறுதியாயிற்று. பெரிய நகரங்களுக்கு வெளியே உள்ள சிறு உள்ளூர் நிலையங்கள் பண்பலையிலேயே தொடர அனுமதி பெற்றன.

நம் அகில இந்திய வானொலியும் மத்திய அலை ஒலிபரப்பிகள் பலவற்றில் டிஜிட்டல் வசதியைப் பொருத்தியிருக்கிறது. ஆனால் அதைக் கேட்கும் பெட்டி நம்மில் எத்தனை பேரிடம் இருக்கிறது? புயல் வீசும் நாளில் மின்சாரம் போய், கைபேசியும் செயலற்றுப்போனால், பேட்டரியில் இயங்கும் சிறிய டிரான்சிஸ்டரே பலருக்குச் செய்தி சொல்லும். அது மௌனமாகிவிட்டால்?

புதிய கருவியைக் கண்டுபிடிப்பது அறிவியல். பழையதை எப்போது நிறுத்தலாம் என்று முடிவு செய்வதோ மக்களைப் பற்றிய கேள்வி. உங்கள் தெருவில் எத்தனை வீடுகளில் வானொலி இருக்கிறது, அதை யார் கேட்கிறார்கள் என்று கணக்கெடுத்துப் பாருங்கள். பிறகு சொல்லுங்கள்: முடிவெடுக்கும் பொறுப்பு உங்களுடையதானால், நீங்கள் என்ன நிபந்தனைகள் விதிப்பீர்கள்?