கையைக் கழுவ நேரம் கொடுங்கள்

பெரும்பாலான மருத்துவமனைகளில் வார்டுச் சுவரில் அந்தப் படம் ஒட்டியிருக்கும். கட்டிலில் ஒரு நோயாளி, அவரைச் சுற்றி ஐந்து எண்கள். நோயாளியைத் தொடும் முன், கிருமி படக்கூடாத வேலையைத் தொடங்கும் முன், ரத்தமோ சிறுநீரோ பட வாய்ப்புள்ள வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவருடைய கட்டிலையோ போர்வையையோ தொட்ட பின். இந்த ஐந்து தருணங்களிலும் கையைச் சுத்தம் செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், அதைக் கடைப்பிடிக்க எவ்வளவு நேரம் வேண்டும், அந்த நேரம் ஒரு நர்ஸுக்கு எங்கிருந்து வரும் என்ற கணக்கு அந்தப் படத்தில் இல்லை.

சோப்பும் தண்ணீரும் கொண்டு முறையாகக் கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும். வார்டுகளில் பொதுவாக ‘ஸ்டெரிலியம்’ என்று சொல்லப்படும் ஆல்கஹால் திரவத்தைத் தேய்த்துக்கொள்ள 20 முதல் 30 விநாடி. கேட்க அற்பமாகத் தெரியும். ஆன்ட்ரியாஸ் வாஸ், ஆன்ட்ரியாஸ் விட்மர் என்ற இரு மருத்துவர்கள் 1997-ல் இதைக் கூட்டிப் பார்த்தார்கள். 12 பேர் வேலை பார்க்கும் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்லோரும் ஒருமுறைகூடத் தவறாமல் தண்ணீரில் கை கழுவினால், ஒரே பகல் ஷிஃப்டில் 16 மணி நேர உழைப்பு அதற்கே போய்விடும். கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஆல்கஹால் திரவம் இருந்தால் மூன்று மணி நேரம் போதும்.

ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பிட்டேயின் குழு 1999-ல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. கை சுத்தம் செய்திருக்க வேண்டிய 2,834 தருணங்களை உடனிருந்து பார்த்துக் குறித்தார்கள். 48 சதவிகிதத் தருணங்களில்தான் அது நடந்தது. நர்ஸுகள் 52 சதவிகிதம், டாக்டர்கள் 30 சதவிகிதம். மிக ஆபத்தான நோயாளிகள் இருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் 36 சதவிகிதம்தான். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை கையைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறதோ, அந்த எண்ணிக்கை ஏற ஏறச் செய்வது குறைந்தது. அங்கே இருந்தவர்களுக்குக் கிருமியைப் பற்றித் தெரியாமல் இல்லை. கைக்கு வேலை அதிகம்.

பிட்டே குழு கட்டிலருகே ஆல்கஹால் திரவத்தை வைத்தது. அதோடு மருத்துவமனை முழுக்கப் பெரிய பிரசாரமும் நடத்தியது. 1994-ல் 48 சதவிகிதமாக இருந்த கைச் சுத்தம் 1997-ல் 66 ஆனது. மருத்துவமனையில் தொற்று பிடித்தவர்களின் விகிதம் 16.9 சதவிகிதத்திலிருந்து 9.9-க்கு இறங்கியது. ‘இன்னும் கவனமாக இருங்கள்’ என்று அறிவுரை சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை. வேலைக்குத் தேவையான நேரத்தைக் குறைத்தார்கள். எனக்கு இந்த ஆய்வின் சாரமே அதுதான்.

நேரத்துக்கு அடுத்தது களைப்பு. அமெரிக்காவில் ஹெங்சென் டை, கேத்தரின் மில்க்மேன் முதலியோர் 2015-ல் வெளியிட்ட ஆய்வில் 35 மருத்துவமனைகளின் 4,157 பணியாளர்கள் எப்போது கையைச் சுத்தம் செய்தார்கள் என்று மின்னணுக் கருவிகள் பதிவுசெய்திருந்தன. ஒரு 12 மணி நேர ஷிஃப்டின் தொடக்கத்தில் இருந்த அளவு, முடிவில் சராசரியாக 8.7 சதவிகிதப் புள்ளி சரிந்தது. வேலை நெருக்கடி கூடிய ஷிஃப்டுகளில் சரிவும் கூடியது. இரண்டு ஷிஃப்டுகளுக்கு நடுவே நீண்ட ஓய்வு கிடைத்தவர்கள் திரும்பி வந்தபோது மேலும் ஒழுங்காகச் செய்தார்கள். அதே ஆள், அதே படிப்பு, அதே மனசாட்சி. காலை எட்டு மணிக்குக் கை தானாகத் திரவத்தைத் தேடுகிறது, மாலையில் தேடுவதில்லை.

களைப்பு என்பது ஒருநாள் விஷயம். அது மாதக்கணக்கில் தேங்கினால் என்ன ஆகும்? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லிண்டா ஐகன் நடத்திவந்த செவிலியர் ஆய்வு மையம் இதைப் பல ஆண்டுகள் துருவியது. அந்தக் குழுவின் ஜீனி சிமியோட்டி 2012-ல் வெளியிட்ட ஆய்வில் பென்சில்வேனியாவின் 161 மருத்துவமனைகள், 7,076 நர்ஸுகள். வேலையால் மனம் எவ்வளவு வற்றிப்போயிருக்கிறது என்பதைக் கேள்விகள் மூலம் அளந்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பணிச்சோர்வில் இருந்தார்கள். அங்கே ஒரு நர்ஸ் சராசரியாக 5.7 நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் ஒரு நோயாளி கூடினால், ஆயிரம் நோயாளிகளுக்கு ஏறக்குறைய ஒரு சிறுநீர்க் குழாய்த் தொற்று கூடியது.

அடுத்த கட்டம்தான் எனக்கு முக்கியமாகப்படுகிறது. நோயின் கடுமை, மருத்துவமனையின் அளவு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஆள் எண்ணிக்கையையும் பணிச்சோர்வையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, தொற்றோடு உறுதியான தொடர்பு காட்டியது பணிச்சோர்வு மட்டுமே. ஆள் பற்றாக்குறையின் தீங்கு நர்ஸின் மனதையும் உடம்பையும் தேய்த்து, அதன் வழியாகத்தான் நோயாளியை எட்டுகிறது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். பணிச்சோர்வை 30 சதவிகிதம் குறைத்தால் அந்த மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 6,239 தொற்றுகளைத் தவிர்க்கலாம் என்பது அவர்களின் மதிப்பீடு. ஒரே காலத்தில் எடுத்த தகவல்கள் என்பதால் இதைக் காரண-விளைவு நிரூபணம் என்று சொல்ல முடியாது. ஆனால் வார்டில் நின்று பார்த்தவர்களுக்கு இது புதிராக இருக்காது.

சிறுநீர்க் குழாயையே எடுத்துக்கொள்வோம். சிறுநீர் சேரும் பையை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்கவிட வேண்டும். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது யாராவது நோயாளியின் வயிற்றின் மேல் வைத்தால் எடுத்துக் கீழே மாட்ட வேண்டும். பை தரையைத் தொடக் கூடாது. குழாய் மடங்கியிருக்கக் கூடாது. குழாயையும் பையையும் தேவையில்லாமல் கழற்றக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இந்த டியூப் இவருக்கு இன்றைக்கும் வேண்டுமா?’ என்று தினமும் கேட்க வேண்டும். தொற்றைத் தடுக்க மிக நல்ல வழி, தேவை முடிந்ததும் குழாயை எடுத்துவிடுவது. ஆனால் எடுத்தால் நோயாளியை நடத்திக் கழிவறைக்குக் கூட்டிப்போக வேண்டும், இல்லை பெட்பான் வைக்க வேண்டும். இரவில் ஒற்றை ஆளாக வார்டையே பார்க்கும் சிஸ்டருக்கு, குழாய் இன்னொரு நாள் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யோசித்துப் பாருங்கள். அதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தொற்று வந்தபின் நடப்பதும் நமக்குத் தெரியும். மெமோ வரும், அல்லது பயிற்சி வகுப்பு வரும். பல இடங்களில் அந்த வகுப்பு நைட் டூட்டி முடிந்த காலையில் நடக்கும்.

தொற்று நோயாளியோடு நிற்பதும் இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டி.ஜே. கிறிஸ்டோபர் குழு நர்ஸிங் மாணவிகளிடம் காசநோய்க் கிருமித் தொற்றை ஆண்டுதோறும் தோல் பரிசோதனையால் அளந்தது. 2007-ல் தொற்று இல்லாதவர்களாக இருந்தவர்களை 2008-ல் மறுபடி சோதித்தபோது, ஓராண்டில் புதிதாகத் தொற்று ஏற்படும் அபாயம் 7.8 சதவிகிதம் என்று தெரிந்தது. அப்போது இந்தியாவின் சராசரி 1.5 சதவிகிதம். தொற்று உள்ளவர்கள் எல்லோருக்கும் நோய் வந்துவிடாது என்பது உண்மைதான். ஆனாலும் அந்தப் பெண்களில் பெரும்பாலோர் 22 வயதுகூட நிரம்பாதவர்கள். தன்னிடம் இப்படியொரு ஆபத்து இருப்பதை அளந்து, வெளியே சொன்ன நிறுவனத்தை நான் மதிக்கிறேன். அளக்காத இடங்களில் ஆபத்து குறைவு என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. 2018 மே மாதம் கேரளத்தின் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையின் நர்ஸ் லினி, நிபா நோயாளியைப் பராமரித்து, அதே நோயில் இறந்தார். அவரைக் கேரளம் போற்றியது, போற்றியது சரிதான். உயிரோடு இருப்பவர்களை எப்படி வைத்திருக்கிறோம்?

இந்திய நர்ஸிங் கவுன்சிலின் விதிப்படி, பயிற்சி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் இருக்க வேண்டும். நம் ஊர் வார்டில் ஒரு ராத்திரி தங்கியவர்கள் இதை நம்ப மாட்டார்கள். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் தேர்வெழுதி வந்த செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஒப்பந்தப் பணியில் இருந்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்தது பலருக்கு நினைவிருக்கும். கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த 2,300-க்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31-ஓடு முடிக்கப்பட்டது.

இது சம்பளப் பிரச்னை மட்டும் இல்லை, தொற்றுத் தடுப்புப் பிரச்னையும்கூட. மிச்சிகன் மாநிலத்தின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பீட்டர் ப்ரொனொவோஸ்ட் நடத்தி 2006-ல் வெளியிட்ட பணியை எல்லோரும் புகழ்கிறோம். பெரிய ரத்தக் குழாயில் போடும் டியூப் தொடர்பாக ஐந்து விஷயங்களைக் கடைப்பிடித்ததில், அதனால் வரும் ரத்தத் தொற்று 66 சதவிகிதம் வரை குறைந்தது. அந்த ஐந்தை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம். டாக்டர் ஒரு படியைத் தவறவிட்டால் நர்ஸ் அவரை நிறுத்தலாம் என்று அங்கே அதிகாரம் கொடுத்திருந்தார்கள், அதை விட்டுவிட்டோம். அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவர், ‘சார், க்ளவுஸ் மாத்திட்டு வாங்க’ என்று பெரிய டாக்டரிடம் எப்படிச் சொல்வார்?

பணியாளர் நலம் என்றதும் யோகா வகுப்பும் மனவலிமைப் பயிற்சியும் வந்துவிடுகின்றன. யோகாவுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் ஐகன் குழு 2023-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் 60 மருத்துவமனைகளில் 15,000-க்கும் மேற்பட்ட நர்ஸுகளிடம் எது உதவும் என்று கேட்டபோது, அவர்கள் முதலில் கேட்டது கூடுதல் ஆட்களை. மனவலிமைப் பயிற்சி பட்டியலின் அடியில் கிடந்தது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் ஆட்களைக் கூட்டிப் பார்த்தது. 2016-ல் 27 அரசு மருத்துவமனைகளில் பகலில் நான்கு நோயாளிக்கு ஒரு நர்ஸ், இரவில் ஏழு பேருக்கு ஒருவர் என்று சட்டமாக்கினார்கள். மேத்யூ மெக்ஹ்யூ குழு 2021-ல் வெளியிட்ட ஆய்வு தொற்றைத் தனியாக அளக்கவில்லை. இறப்பையும் படுக்கை நாட்களையும் அளந்தது. 145 இறப்புகளும் 29,222 படுக்கை நாட்களும் தவிர்க்கப்பட்டதாக மதிப்பிட்டது. மிச்சமான பணம், கூடுதல் நர்ஸுகளுக்குச் செலவிட்டதைப்போல இரண்டு மடங்கு. ‘நிதி இல்லை’ என்று பதில் சொல்பவர்கள் இந்த ஒரு கணக்கையாவது படிக்க வேண்டும்.

நம்மிடம் ஆய்வுக்கு ஆளில்லாமல் இல்லை. எம்.எஸ்ஸி. நர்ஸிங் மாணவிகள் வருடம்தோறும் ஆய்வேடு எழுதுகிறார்கள். அவற்றில் பல, ஒரு பாடம் நடத்தி, நடத்துவதற்கு முன்னும் பின்னும் மதிப்பெண் எடுத்து, அறிவு கூடியது என்று முடிகின்றன. அறிவுக் குறைவுதான் பிரச்னை என்பது அவை சோதிக்காமல் எடுத்துக்கொள்ளும் அனுமானம். அதற்குப் பதிலாக, தொற்றுத் தடுப்புப் பிரிவின் மாதாந்தரப் பதிவேட்டையும் அதே மாதத்தின் டூட்டி ரோஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரவில் ஒரு சிஸ்டர் மட்டும் இருந்த வார்டுகளில் என்ன நடந்தது, இரண்டு பேர் இருந்தபோது என்ன நடந்தது? தொடர்ந்து ஆறாவது நைட் பார்த்தவரின் வார்டில் எத்தனை டியூப்கள் எடுக்கப்படாமல் கிடந்தன? இரண்டு பதிவேடுகளும் மருத்துவமனையில் ஏற்கெனவே இருப்பவை. அவற்றைத் திறந்து பார்க்க ஒரு வழிகாட்டிப் பேராசிரியரின் சம்மதமும் ஒரு டீனின் கையெழுத்தும் போதும்.