கூண்டும் கம்பியும்

கல்லூரிப் பௌதிகத்தில் முதற்பருவம் கடினமா, இரண்டாம் பருவம் கடினமா? நம் விடுதியில் ஆண்டுதோறும் எழும் வழக்கு இது. முதற்பருவத்தில் விசையும் இயக்கமும் படிக்கிறோம். இரண்டாம் பருவத்தில் மின்சாரமும் காந்தமும் படிக்கிறோம். முன்னதில் நன்றாகத் தேறியவர்களும் பின்னதில் சோர்ந்து, "நமக்குப் பௌதிகம் வராது" என்று வேறு பாடம் தேடுவதைக் காண்கிறேன். அது அவசர முடிவு என்பது என் கருத்து. நான் பிறந்த கோலார் தங்கவயலைக் கொண்டே அதை விளக்க முற்படுகிறேன்.

தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. 2001ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்படும் வரை, நம் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக இரும்புவடத்தில் தொங்கும் கூண்டில் இறங்கி உழைத்தனர். அந்தக் கூண்டு மாறாத வேகத்தில் இறங்குகிறது என்று கொள்வோம். அதைத் தாங்கும் வடத்தின் இழுவிசை கூண்டின் எடையைவிடக் குறைவா? "கீழே போகிறதே, குறைவாகத்தான் இருக்கும்" என்று உள்ளம் சொல்லும். உண்மை அதுவன்று. உராய்வை ஒதுக்கிவிட்டால் இரண்டும் சமம். புறப்படும்போது இழுவிசை எடையைவிடக் குறைகிறது. அடியில் நிற்கப் போகும்போது, கூண்டு இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தாலும், இழுவிசை எடையை மிஞ்சுகிறது. இயக்கத்திற்கு அன்று, வேகம் மாறுவதற்கே விசை வேண்டும் என்பதன்றோ நியூட்டன் கண்ட நெறி! முதற்பருவத்தின் கடினம் இதுதான். பொருள்கள் பழகியவை, ஆனால் அவற்றைப் பற்றிய பழைய எண்ணத்தை நாம் கைவிட வேண்டும்.

இனி, கம்பிக்கு வருவோம். காவிரியின் சிவசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம், 1902ஆம் ஆண்டில், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து தங்கவயலுக்கு வந்தது. இத்தனை தொலைவு செல்ல உயர்ந்த மின்னழுத்தம் ஏன் தேவை? அனுப்பும் திறன், அழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது. கம்பியில் வெப்பமாகி வீணாவதோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அழுத்தத்தைப் 10 மடங்காக்கினால், அதே திறனுக்கு மின்னோட்டம் பத்தில் ஒன்றாகும்; நட்டம் நூறில் ஒன்றாகும். கணக்கு எளிது. ஆனால் அழுத்தத்தைக் கண்ணால் கண்டவர் யார்? இங்கே கைவிடுவதற்குப் பழைய எண்ணமே இல்லை. காணாத ஒன்றை மனத்தில் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கிறது.

கட்டுவதற்கான கற்கள் எங்கே? முதற்பருவத்திலேயே இருக்கின்றன. சுரங்கத்திலிருந்து கூண்டை மேலேற்றினால் அதன் நிலையாற்றல் கூடுகிறது. ஒரு கிலோகிராமுக்கு எத்தனை ஜூல் கூடியது என்று கேட்பது போலவே, ஒரு கூலூம் மின்னூட்டத்திற்கு எத்தனை ஜூல் என்று கேளுங்கள். அதுவே வோல்ட். பல மின்னூட்டங்களின் புலத்தைக் கூட்டும் முறையும், முன்பு விசைகளைத் திசையோடு கூட்டிய முறையே. காந்தவிசை, மின்னோட்டத்திற்கும் புலத்திற்கும் செங்குத்தாக நிற்பது மட்டும் முற்றிலும் புதிது. அதற்குக் கைவிரல்களை மடக்கிப் பழகத்தான் வேண்டும்.

காணாததை அறிய முடியுமா என்று ஐயுறுவோர்க்குத் தங்கவயலே சான்று. நியூட்ரினோவுக்கு மின்னூட்டம் இல்லை. அதை நேரே காண இயலாது. அது பாறையில் மோதிப் பிறப்பித்த மின்னூட்டத் துகள்களின் தடத்தைக் கொண்டே, 1965இல், அங்கே 2 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞர்களும் அதன் வரவை அறிந்தனர்.

ஆகவே என் தீர்ப்பு இது: இரண்டாம் பருவமே கடினம், ஆனால் அங்கே இடறுவோரில் பலரை இடறச் செய்வது முதற்பருவத்தில் அரைகுறையாக விட்ட பாடம். தேர்வு முடிந்ததும் பழைய புத்தகத்தை விற்றுவிடாதீர்கள். விடுமுறையில் திசையன்கள், வேலை, ஆற்றல், தொகையீடு ஆகிய நான்கையும் மீண்டும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். புலத்தைப் படமாக வரைந்த பிறகே சூத்திரத்தைத் தொடுங்கள். இவ்வளவும் செய்து பார்க்காமல், தோழர்களே, பௌதிகம் வராது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!